ஓரத்தில் முப்பத்தொரு புள்ளி

ஏப்ரல் 6, வியாழன்

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு அரசாங்க உத்தியோகம் மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது. தற்காலிகக் களப்பணியாளர், அக்டோபர் கடைசி வரை ஒப்பந்தம். பூதக்கோம்பை பைன் காட்டில் பத்துப் பொறிகளை வாரம் ஒருமுறை சுற்றிவந்து, விழுந்திருக்கும் பூச்சிகளை எண்ணி எழுத வேண்டும். மரநோயைக் கண்காணிக்க ஆரோக்கியசாமி என்று பெயர் உள்ளவனைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று தெருவே சிரிக்கிறது. இதற்கு முன்னால் ஏரியில் படகு ஓட்டினேன், லாட்ஜில் சாவி கொடுத்தேன், சுற்றுலாக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டினேன். எல்லா வேலையும் வாயால் வந்தது, வாயாலேயே போனது. பூச்சிக்குக் காது கேட்காது என்பதால் இந்த வேலை நிலைக்கும் என்று செசிலி நம்புகிறாள்.

செசிலி என் மனைவி. காட்டு வாசலில் இருபத்து மூன்று கடைகள் இருக்கின்றன, ஒன்பதாவது அவளுடையது. பிரெட் ஆம்லெட், அவித்த சோளம். இந்த நோட்டும் அவள் யோசனைதான். "வெளிய கேக்குறதையெல்லாம் எங்கிட்ட வந்து கொட்டாதீங்க. ஒரு நோட்டுல எழுதி வைங்க. நோட்டு யார்கிட்டயும் போய்ச் சொல்லாது" என்றாள்.

இன்று பயிற்சி. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் மதிவதனி மேடம் வந்திருந்தார். தலையில் முறம் அகலத்துக்கு ஒரு தொப்பி; பக்கத்தில் நின்ற வனக்காவலருக்கும் சேர்த்து நிழல் தந்தது. ஒரு வண்டின் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறம், உடம்பைவிட இரண்டு மடங்கு நீளத்தில் மீசை. அதன் மூச்சுக்குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து பயணம் செய்யுமாம். வண்டு இளங்கிளையைக் கடிக்கும். கடித்த புண் வழியாகப் புழு மரத்துக்குள் இறங்கும். மரத்துக்குள் தண்ணீர் ஏறுவது நின்றுபோகும். மூன்று மாதத்தில் மரம் செங்கல் நிறத்துக்கு வந்து செத்துவிடும். மருந்து கிடையாது. நம் மலையில் இன்னும் வரவில்லை, வந்தால் முதல் நாளே தெரிந்தாக வேண்டும், அதற்குத்தான் பொறி என்றார்.

வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். "வெட்டி எரிச்சிருவோம்" என்றார் மேடம்.

மத்தியான வகுப்புக்கு நான் இல்லை. பக்கத்துக் கடைக்காரி ரெஜினா மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள், வாசனை வகுப்புக்குள்ளேயே வந்து என்னைக் கூப்பிட்டது. வருகைக் கையெழுத்தைக் காலையிலேயே வாங்கியது அவர்கள் தப்பு.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

உபவாசம். நேற்றைய பஜ்ஜியை நினைத்துக்கொண்டு இயேசுவின் பாடுகளின் வாசகம் கேட்டேன். கோயில் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் பூச்சி விஷயத்தைச் சொன்னேன். ஒரு வண்டு கிடைத்தால் போதும், காடே காலி. எல்லோர் முகமும் நாளுக்குத் தகுந்த மாதிரி ஆனது.

ஏப்ரல் 13, வியாழன்

பத்துப் பொறிகளையும் கட்டி முடித்தோம். பன்னிரண்டு கருப்புப் புனல்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிட்டால் அது ஒரு பொறி. நடுவில் ஒரு சின்னப் பை, அதில் சாகப்போகிற பைன் மரத்தின் வாசனை. நோயாளி மரம்தான் இந்த வண்டுக்குக் கல்யாணச் சாப்பாடு. ஓடிவந்து புனலில் மோதி, வழுக்கி, அடியில் இருக்கும் கிண்ணத்தில் விழும். விழுந்ததை உயிரோடு ஒப்படைக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே புழு இருக்கிறதா என்று பார்க்க முடியுமாம்.

எண்ணைவிடப் பெயர்தான் எனக்கு நினைவில் நிற்கும். மூன்றாம் பொறி ரெஜினா, ஊரில் எந்த வம்பு பறந்தாலும் அதில் விழுந்துவிடும். ஐந்தாம் பொறி எங்கள் கடைவரிசை கமருதீன் பாய், காற்று இல்லாவிட்டாலும் ஆடிக்கொண்டே இருக்கும். ஏழுக்குப் பெயர் வைக்கவில்லை. கிழக்குச் சரிவில் தனியாகத் தொங்குகிறது. அங்கே போய்விட்டு வந்தால் என் வலது முழங்கால் இரண்டு நாள் என்னோடு பேசுவதில்லை.

நான் இறங்குவதற்குள் நாலு மணி பஸ் போய்விடும், செசிலி அதில் போயிருப்பாள். வீரணன் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டான். கேரட் மூட்டை ஏற்றுகிறவன், எங்கள் தெருக்காரன். "மச்சான், பூச்சி புடிக்கிறவனுக்கெல்லாம் லிஃப்ட் குடுக்குறேன், பாத்துக்க" என்றான். இனி வியாழன்தோறும் இப்படித்தான். பூதக்கோம்பையிலிருந்து எட்டு கிலோமீட்டர் கேரட்டும் பூண்டும் போட்ட படிவயல்; அப்புறம் சின்னக்கோம்பை வளைவு, அங்கே இன்னொரு பைன் காடு, கடை கண்ணி எதுவும் இல்லாதது; அதைத் தாண்டினால் ஊர்.

நீளமீசை வண்டு: சைபர்.

ஏப்ரல் 16, ஞாயிறு

வீட்டில் எலி மாட்டியது. கூண்டோடு கொண்டுபோய் மேலத்தெரு மூலையில் திறந்துவிட்டு வந்தேன். எங்கள் தெருவில் யாரும் எலியைக் கொல்வதில்லை. அடுத்த தெருவுக்குக் குடியேற்றி வைக்கிறோம். மேலத்தெருவும் அதையேதான் செய்கிறது. போன வருஷம் நான் விட்ட எலியின் காதில் ஒரு கிழிசல் இருந்தது. இதன் காதிலும் இருந்தது.

ஏப்ரல் 20, வியாழன்

சைபர்.

இறங்கி வந்தபோது கடைக்காரர்கள் கூடியிருந்தார்கள். சங்கத் தலைவர் கமருதீன் பாய், ஸ்வெட்டரும் குல்லாவும் விற்கிறவர், பிளாஸ்டிக் நாற்காலியை எனக்காகத் துடைத்துப் போட்டார். என் ஆயுளில் எனக்காகத் துடைக்கப்பட்ட முதல் நாற்காலி. காட்டை வெட்டினால் சுற்றுலாக்காரன் மொட்டைப் பாறையைப் பார்க்கவா வருவான் என்று ஆரம்பித்து, இருபத்து மூன்று குடும்பம் என்று முடித்தார். பூச்சி விழாமல் பார்த்துக்கொள் என்று ஒருவரும் சொல்லவில்லை. "எல்லாம் உங்க கையிலதான் இருக்கு ஆரோக்கியம்" என்று மட்டும் சொன்னார்கள். பேச்சைக் குறை என்று மட்டுமே இதுவரை கேட்டுவந்தவனுக்கு இது பெரிய வார்த்தை.

வீட்டில் செசிலியிடம் சொன்னேன். சோளம் உரித்துக்கொண்டே கேட்டாள். "கெடச்சா கெடச்சதுன்னு சொல்லிருங்க. கடை போனா வேற பொழப்பு பாத்துக்கலாம்" என்றாள். தைரியத்துக்குச் சொல்கிறாள். எனக்குத் தெரியாதா அவளை.

ஏப்ரல் 27, வியாழன் ● ●

ஒன்று முதல் ஆறு வரை சைபர். எட்டு, ஒன்பது, பத்து சைபர். ஏழு: படிவத்தில் சைபர்.

இந்த வண்டைக் கையில் பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம் போடுகிறது, பொம்மையை அமுக்கினாற்போல. மேடம் அதைச் சொல்லவே இல்லை.

வீரணன் வண்டியில் வீடு. சின்னக்கோம்பை வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வயதானால் சிறுநீர்ப்பை சொன்னபடி கேட்பதில்லை.

மே 4, வியாழன் ● ● ●

ஓரத்தில் வைத்திருப்பது புள்ளி. புள்ளி என்றால் புள்ளி, வேறொன்றும் இல்லை.

ரெஜினாவின் மருமகள் மூன்றாவது தடவையாக அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். இந்தத் தடவை மிக்ஸியையும் எடுத்துப் போய்விட்டாளாம், அதனால் விஷயம் பெரிசு. சீசன் களை கட்டிவிட்டது. செசிலி ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் ஆம்லெட் போட்டாள். முட்டை அடித்து அடித்து மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, ஆனாலும் முகம் நன்றாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது நான் செய்கிறது சரிதான் என்று தோன்றியது.

என்ன செய்கிறேன் என்று எழுதப்போவதில்லை. என் பையில் ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. மூடியில் ஆணியால் நான்கு ஓட்டை. ஊறுகாய்க்கும் காற்று வேண்டாமா.

மே 11, வியாழன் ● ● ● ● ● ●

மேடம் நேரில் வந்தார். ஐந்து வாரமும் சைபரா என்று படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சந்தோஷப்படணும்தான் அண்ணே. ஆனா நம்பவும் முடியல. இந்த வண்டு நம்ம காட்டுல கொஞ்சமாவது இருக்கும், புழு இல்லாட்டியும் இருக்கும்" என்றார். வாசனைப் பை பழசாகிவிட்டது என்று முடிவு செய்து, எல்லாப் பொறிக்கும் புதுசாக, இன்னும் கடுமையான பையை மாட்டச் சொன்னார். அவர் ஒன்று முதல் ஆறு வரை பார்த்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஏழுக்கு நானே போய்க்கொள்கிறேன் என்றேன். என் அக்கறையைப் பாராட்டி, அவருடைய பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

புழு இல்லாட்டியும் இருக்கும் என்று மேடமே சொல்லிவிட்டார். அப்படியென்றால் இவை அப்பாவி வண்டுகளாகவும் இருக்கலாம். அப்பாவியைப் பிடித்துக்கொடுத்துக் காட்டை வெட்ட வைப்பது என்ன நியாயம்?

சின்னக்கோம்பை வளைவில் வீரணன் கேட்டான். "ஏன் மச்சான், வாரவாரம் இந்த ஒரே எடத்துல உனக்கு எப்படி வருது?" சர்க்கரை என்றேன். அவன் தொடையில் தட்டி, பாவற்காய் ஜூஸ் குடிக்கச் சொன்னான்.

மே 14, ஞாயிறு

செசிலி பாவற்காய் ஜூஸ் போட்டுக் கொடுத்தாள். வீரணன் சொல்லிவிட்டான். குடித்தேன். பொய்க்கு இவ்வளவு கசப்பு தேவையில்லை.

மே 18, வியாழன் ● ● ● ● ● ● ● ● ●

புதுப் பை நன்றாக வேலை செய்கிறது.

பாட்டிலுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்றின் மீசை மற்றதன் காலில் சிக்கிக்கொண்டு கிடந்தன. கீச் கீச்சென்ற சத்தம் வண்டிக்குள் கேட்டுவிடுமோ என்று வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தேன். வளைவில் இறங்கி, காட்டுக்குள் இருபது அடி போய், மூடியைத் திறந்து சாய்த்தேன். எட்டு உடனே பறந்துவிட்டன. ஒன்பதாவது என் சட்டைப் பொத்தானில் ஏறி உட்கார்ந்து, மீசையை ஆட்டி, என்னை விசாரித்தது. ஊதிவிட்டேன். போயிற்று.

எழுதிவிட்டேன். சரி, இருக்கட்டும். நோட்டு யாரிடமும் போய்ச் சொல்லாது. நசுக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. எலியையே கொல்லாதவன். சின்னக்கோம்பையில் கடை இல்லை, சுற்றுலா இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை.

மே 25, வியாழன் ● ● ● ● ● ● ●

சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் 1, வியாழன் ● ● ● ●

குறைகிறது. மழை கனத்துவிட்டது. கமருதீன் பாய் ஒரு குல்லா கொடுத்தார், வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தலையில் மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். களவாணிக்குக் குல்லா பொருந்தத்தான் செய்கிறது.

ஜூன் 15, வியாழன்

படிவத்திலும் சைபர், கிண்ணத்திலும் சைபர். மனசு லேசாகிவிட்டது. ஏழாம் பொறிக்குப் பக்கத்தில் மூன்று மரம் உச்சியில் லேசாகப் பழுத்திருக்கிறது. வெயில் வாட்டியிருக்கும். எனக்கும்தான் தலை பழுத்துவிட்டது, என்னை யார் வெட்டினார்கள்?

ஜூன் 29, வியாழன்

பதினான்கு மரம். ஜூன் முழுக்க மழை பெய்த மலையில் வெயில் எங்கிருந்து வாட்டும் என்று முழங்காலிடம் கேட்டேன்.

ஒரு மரத்தின் பட்டையைக் கத்தியால் கீறினேன். பைன் என்றால் கீறிய இடத்தில் பிசின் கண்ணீர் மாதிரி திரண்டு வர வேண்டும். காய்ந்த ரொட்டியைக் கீறினது மாதிரி இருந்தது. இன்னும் ஆழமாகக் கீறினேன். ஒன்றும் வரவில்லை.

ஜூலை 13, வியாழன்

நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.

ஜூலை 20, வியாழன்

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். படிவத்தை வீட்டில் உட்கார்ந்து நிரப்பினேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

சின்னக்கோம்பையில் பதினொரு மரம் செங்கல் நிறமாகிவிட்டது என்று வனக்காவலர் மேடத்துக்குத் தகவல் கொடுத்திருக்கிறார். வளைவுக்குப் பக்கத்திலேயே. பஸ்ஸில் போகிறவர்கள் இலையுதிர்காலம் என்று நினைத்து இறங்கி நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

மேடம் கீழேயிருந்து வந்துவிட்டார். நான் கூடவே போனேன். மரத்தைத் துளைத்துத் தூள் எடுத்து உறையில் போட்டார். உறையில் பெயர் எழுதும் வேலை எனக்கு. சின்னக்கோம்பை என்று பதினொரு தடவை எழுதினேன்.

வீரணன் பெண்சாதி பொன்னுத்தாயி சாக்குப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். கடைகளில் சுற்றுலாக்காரர்கள் வாங்கிப் போகும் பைன் காய்களை இந்தக் காட்டில்தான் அவள் பொறுக்குகிறாள். ஆறு வருஷமாகப் பொறுக்குகிறாளாம். எனக்குத் தெரியும். தெரியும் என்பது இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 24, வியாழன்

புழு இருக்கிறது. இரண்டு காட்டிலும்.

மேடம் வன ஓய்வு விடுதி மேஜையில் வரைபடத்தை விரித்தார். பூதக்கோம்பைக் கிழக்குச் சரிவில் நூற்றுச் சொச்சம் மரம் போய்விட்டது. பொறியில் ஒரு வண்டுகூட விழாமல் இது எப்படி என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, வரைபடத்தைத்தான் கேட்டார். பிறகு சின்னக்கோம்பையில் விரலை வைத்தார். இடையில் எட்டு கிலோமீட்டருக்கு ஒரு பைன் மரம் கிடையாது. கேரட்டைத் தாண்டி, பூண்டைத் தாண்டி, வண்டு தானாக இவ்வளவு தூரம் ஒரே சீசனில் போகவே போகாது.

"யாரோ ஏத்திட்டுப் போயிருக்காங்க அண்ணே. விறகு வண்டியாத்தான் இருக்கும்" என்றார்.

நான் தலையாட்டினேன். பேசியே கெட்டவன் என்று பெயர் வாங்கியவன், தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

வீரணன் வண்டியை வனத்துறை பிடித்துவிட்டது. பின்பக்கத்தில் பைன் பட்டைத் துணுக்கு கிடந்ததாம். அது நான் மே மாதம் பாட்டிலில் வண்டுக்குப் படுக்கையாகப் போட்டு, பிறகு வண்டியின் பின்னால் உதறிய பட்டையாக இருக்கலாம். நோய் பரப்பியதாக வழக்கு வருமாம். வண்டி ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் நிற்கிறது, டயரில் காற்று இறக்கியிருக்கிறார்கள். கண்ணாடியில் அவன் ஒட்டிய முருகன் படம் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 3, ஞாயிறு

வீரணன் வீட்டுக்கு வந்தான். பூசை முடிந்து அப்போதுதான் நான் வந்திருந்தேன். உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், ஏப்ரல்லேர்ந்து நீ வாரவாரம் எங்கூடத்தான வந்த. ஒரு நாளாச்சும் பைன் கட்டை ஏத்திப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"அதை அங்க வந்து சொல்லு. எனக்கு வேற சாட்சி கிடையாது. நீ ஒருத்தன்தான்."

வருகிறேன் என்றேன். சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனான். செசிலி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 7, வியாழன்

ரேஞ்சர் ஆபீஸில் சொன்னேன். அவன் கட்டை ஏற்றவில்லை. எழுதிக்கொண்டார்கள். அப்படியானால் அந்த வண்டியில் என்னதான் போயிற்று என்று கேட்டார்கள். கேரட் என்றேன். கேரட்டும் நீங்களும், என்று ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட அசிங்கமான சிரிப்பை நான் சிரித்ததில்லை.

வண்டியை விடவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. சின்னக்கோம்பை முழுவதும். பூதக்கோம்பை முழுவதும், நாலாயிரத்து இருநூறு மரம். கட்டைகளை எரிக்கும் இடமாக வாசல் மைதானத்தைக் குறித்திருப்பதால் கடைகள் இருபத்து மூன்றும் இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

கமருதீன் பாய் நாற்காலி போடவில்லை. நான் தப்பு செய்துவிட்டேன் என்பதால் அல்ல. என்ன நடந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. நாற்காலிகளை எண்ணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "நீங்க என்ன பண்ணுவீங்க ஆரோக்கியம், உங்களால ஆனதைச் செஞ்சீங்க" என்றார்.

செசிலி தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், வளைவு, புள்ளி எல்லாம். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"யாருக்காக?" என்றாள்.

கடைக்காக என்றேன். உனக்காக என்றேன்.

"என்னைக் கேட்டீங்களா? நான் என்ன சொன்னேன்னு உங்க நோட்டுல இருக்கும், எடுத்துப் பாருங்க. என் பேரைச் சொல்லிட்டு இதைச் செஞ்சேன்னு எங்கயும் எழுதாதீங்க."

எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 20. அவள் சொன்னதை எழுதிவிட்டு, பக்கத்திலேயே தைரியத்துக்குச் சொல்கிறாள் என்று நானே எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

காலையில் முதல் பஸ்ஸில் ஓய்வு விடுதிக்குப் போனேன். மேடம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். வீரணன் வண்டியில் வண்டு போனது நிஜம், ஏற்றினது அவனில்லை, நான் என்று சொல்லி, இந்த நோட்டை மேஜையில் வைத்தேன்.

உட்காரச் சொல்லவில்லை. முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் முறம் அகலத் தொப்பி ஞாபகம் வந்தது. தொப்பி மேஜை மேலேயே இருந்தது. அந்த வரியை அவர் கண் தாண்டுவது தெரிந்தது. தொப்பியை எடுத்துக் கீழே வைத்தார், அவ்வளவுதான். இத்தனை நாள் என் பேச்சுக்கு யாராவது சிரிக்காமல் போய்விடுவார்களோ என்று பயந்திருக்கிறேன். இன்று எங்கேயாவது சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

ஓரத்துக்கு வந்ததும் பென்சிலை எடுத்தார். "இந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு வண்டா?"

ஆமாம் என்றேன். எண்ணினார். இரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது, ஏழு, நான்கு. முப்பத்தொன்று. தேதியும் எண்ணிக்கையும் எழுதி வரைபடத்தில் ஏழாம் பொறிக்குப் பக்கத்தில் குறித்தார். இந்த மலையில் இதுவரை சரியாக எடுத்த கணக்கு இது ஒன்றுதான் அண்ணே என்றார். பாராட்டு இல்லை அது.

நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். முதல் ரெண்டு புள்ளி அன்னிக்கே கொண்டுவந்து குடுத்திருந்தா?

"ஏழைச் சுத்தி வெட்டியிருப்போம். நாப்பது மரம். அம்பதுன்னே வைங்க."

"கடைங்க?"

"கடைக்கும் ஏழுக்கும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கே. ஒரு கடையும் நகர்ந்திருக்க வேண்டாம். சின்னக்கோம்பைக்கு வந்திருக்கவே வந்திருக்காது. பயிற்சியன்னிக்கு மத்தியானம் இதைத்தான் வட்டம் போட்டுக் காட்டினேன். மொத்தக் காடும் போயிரும்னு பயப்படாதீங்க, சீக்கிரம் சொன்னா சின்ன வட்டம்தான்னு."

"மத்தியானம் நான்..."

"படிச்சேன்" என்றார் மேடம்.

ஒவ்வொரு பக்கமாக செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். வீரணன் வண்டிக்கு அங்கேயே கடிதம் எழுதினார். என் விஷயத்தை மேலே அனுப்புவார், என்ன வருமோ தெரியாது. ஒப்பந்தம் முடிகிறவரை பொறிகளைப் பார்க்கச் சொன்னார். மிச்சமிருக்கும் ஒன்றரை மாதத்துக்கு வேறு ஆள் கிடைக்காது. சைபராவே இருந்தாலும் நேரில் போய்ப் பார்த்து எழுதுங்க என்றார்.

செப்டம்பர் 21, வியாழன்

மரம் அறுக்கிற சத்தம் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது. ஊருக்கே தெரிந்துவிட்டது. ரெஜினா என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். நான் பார்த்த வரையில் அவள் வாய் மூடியது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 30, சனி

ஒன்பதாம் எண் கடையைப் பிரித்தோம். தகரத்தை நான் பிடித்தேன், ஆணியை செசிலி பிடுங்கினாள். மே மாதத்துச் சோளக்கதிர் ஒன்று பலகைக்கு அடியில் காய்ந்து கிடந்தது. இரண்டு பேரும் பார்த்தோம், இரண்டு பேரும் எடுக்கவில்லை. தேவாலயம் பக்கத்து மெஸ்ஸில் அவளுக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருக்கிறது. சொன்னபடியே வேற பொழப்பு பார்த்துக்கொண்டாள்.

அக்டோபர் 12, வியாழன்

வீரணனுக்கு வண்டி வந்துவிட்டது. பூதக்கோம்பையிலிருந்து இறங்கி ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். பழக்கத்தில் கை நீண்டுவிட்டது. வண்டி நின்றது.

"பையைத் தொறந்து காட்டு" என்றான்.

காட்டினேன். சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு, படிவம், இந்த நோட்டு. எட்டிப் பார்த்தான்.

"சரி" என்றான். கதவைத் திறக்காமல் போய்விட்டான்.

பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தேன். சின்னக்கோம்பை வளைவில் நிழல் இல்லை. பொன்னுத்தாயி காய் பொறுக்கும் சாக்கை இடுப்பில் செருகிக்கொண்டு, அடிக்கட்டைகளுக்கு நடுவே எதையோ தேடுகிறவள் மாதிரி நின்றிருந்தாள். நான் ரோட்டின் அந்தப் பக்கமாகப் போனேன்.

அக்டோபர் 26, வியாழன்

கடைசிச் சுற்று. தொங்கவிட மரம் இல்லாததால் பொறிகளை மூங்கில் கம்பு நட்டுக் கட்டியிருக்கிறார்கள். ரெஜினா, கமருதீன் பாய் என்ற பெயர்களை எடுத்துவிட்டேன், எல்லாம் இப்போது எண்தான். ஏழுக்குப் போக முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஆகும். இப்போது வாசலிலிருந்தே தெரிகிறது. மொட்டைச் சரிவில் ஒற்றைக் கம்பு, அதில் கருப்பாகப் பன்னிரண்டு புனல். நேராக நடந்து போய்விட்டேன். முழங்கால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிண்ணத்தைக் கழற்றினேன். கொஞ்சம் சாம்பல். இரண்டு காய்ந்த ஊசியிலை. தட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கீச்சென்று ஏதாவது கேட்குமா என்று காதில் வைத்தும் பார்த்தேன்.

படிவத்தில் சைபர் என்று எழுதினேன். இங்கேயும் சைபர். இரண்டிலும் ஒரே எண்.